புது கார்புரேட்டர், பழைய எஞ்சின்: மாற்றிய பிறகு வண்டி திணறுவது எதனால்?

தேய்ந்துபோன கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திய பிறகு, பழைய கார் முன்பைவிட மோசமாக ஓடுவது அடிக்கடி நடப்பதுதான். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடிலில், அதாவது பெடலை மிதிக்காதபோதுள்ள மெதுவான ஓட்டத்தில், நிற்காது. ஐடிலில் நின்றால், பெடலை மிதித்தவுடன் ஒரு கணம் அணைவதுபோல் தொய்ந்துவிட்டுப் பிறகே எழும். இரண்டும் சரியாக இருந்தால் மேட்டில் இழுவை இருக்காது. இந்த நிலையில் எல்லோருடைய கையும் முதலில் திருப்புளியைத்தான் தேடுகிறது. ஐடில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கலவைத் திருகை உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் என்று திருகி, பிறகு பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்றி, பிறகு பிளக்கில் பொறி எழும் நேரமான டைமிங்கையும் நகர்த்திய பின், எந்தத் திருகு முதலில் எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

கார்புரேட்டரை மாற்றும்போது பெட்ரோல் அளக்கும் கருவி மட்டும் மாறுவதில்லை. எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழி, வெற்றிடக் குழாய்களின் இணைப்பு, பெட்ரோல் வரும் அழுத்தம், பெடலிலிருந்து வரும் கம்பி, சில வகைகளில் மின்சார இணைப்பு ஆகிய அனைத்தும் ஒரே நாளில் கலைந்து மீண்டும் பூட்டப்படுகின்றன. கோளாறு பெரும்பாலும் அந்தப் பூட்டுதலில்தான் இருக்கும். ஜெட்டின் அளவைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கான காரணங்களை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கார்புரேட்டர் எதை அளக்கிறது

குழாய் ஒன்று நடுவில் குறுகினால், அந்தக் குறுகலில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். 1738-இல் டேனியல் பெர்னூலி விளக்கிய இந்த இயல்பே கார்புரேட்டரின் உயிர். குறுகலான பகுதிக்கு வென்சூரி என்று பெயர். அங்கே அழுத்தம் குறைவதால், பக்கத்திலுள்ள மிதவைத் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஜெட் எனப்படும் துல்லியமான துளை வழியாக மேலேறி, காற்றோடு கலந்து, இன்டேக் மேனிஃபோல்டு எனப்படும் கிளைக்குழாய் வழியாகச் சிலிண்டர்களுக்குப் போகிறது. அதாவது கார்புரேட்டர் தன் வழியாகப் போகும் காற்றை மட்டுமே அறியும். வேறு வழியாக எஞ்சினுக்குள் நுழையும் காற்றுக்கு அது பெட்ரோல் கொடுக்காது. கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இந்த ஒரு செய்தியே விளக்கம்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று இதற்கு மேல் கூடினால் கலவை மெலிந்தது, அதாவது லீன். பெட்ரோல் கூடினால் செறிந்தது, அதாவது ரிச். முழு இழுவை தேவைப்படும்போது எஞ்சின் 12.5 முதல் 13 வரையிலான செறிந்த கலவையைக் கேட்கும். சீரான ஓட்டத்தில் 15-ஐத் தாண்டினாலும் சமாளிக்கும். ஒரே துளையால் இத்தனை தேவைகளையும் நிறைவேற்ற முடியாது என்பதால்தான், நிலையான வென்சூரி கொண்ட கார்புரேட்டருக்குள் தனித்தனிச் சுற்றுகள் அமைந்திருக்கின்றன:

1. ஐடில் சுற்று. திராட்டில் தகடு, அதாவது பெடலை மிதித்தால் திறக்கும் வட்டத் தகடு, ஏறக்குறைய மூடியிருக்கும்போது அதற்குக் கீழேயுள்ள சிறு துளை வழியாகப் பெட்ரோல் தருவது. கலவைத் திருகு கட்டுப்படுத்துவது இதை மட்டுமே.
2. இடைநிலைச் சுற்று. தகடு சற்றே திறக்கும்போது, அதன் விளிம்பை ஒட்டியுள்ள சிறு துளைகள் அல்லது பிளவு வழியாகத் தருவது.
3. மெயின் சுற்று. வென்சூரியில் காற்றோட்டம் பலமான பிறகே பேசத் தொடங்குவது.
4. ஆக்சிலரேட்டர் பம்ப். பெடலைச் சட்டென்று மிதிக்கும்போது பாய்ச்சலாக ஒரு சிறு தாரையைப் பீச்சுவது.
5. பவர் வால்வு அல்லது அதற்கு ஈடான அமைப்பு. கனமான சுமையில் கூடுதல் பெட்ரோல் சேர்ப்பது.

எஸ்.யூ. போன்ற, வென்சூரியின் அளவே மாறும் வகைகளில் ஒரே ஜெட்டும் கூம்பு ஊசியும் இந்த வேலைகளில் பலவற்றைச் செய்துவிடும். எனவே இங்கு சொல்லப்படுவதில் ஐடில், இடைநிலைத் துளைகள் பற்றிய பகுதி அவற்றுக்குப் பொருந்தாது. காற்றுக் கசிவும் பெட்ரோல் அழுத்தமும் பற்றியவை அப்படியே பொருந்தும்.

கோளாறு பெடலின் எந்த நிலையில் வருகிறது என்பதைக் கவனித்தால், எந்தச் சுற்றைத் தேடுவது என்பது பாதி முடிவாகிவிடும். ஐடிலில் மட்டும் திணறும் எஞ்சினுக்கு மெயின் ஜெட்டை மாற்றுவதில் பயனில்லை. அந்த நேரத்தில் மெயின் ஜெட் வழியாக வென்சூரிக்குப் பெட்ரோல் வருவதே இல்லை.

முதலில் எஞ்சினின் மீதுள்ள சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது

கார்புரேட்டரை மாற்றியதற்கே காரணம், பழையது சரியில்லை என்ற எண்ணம்தான். ஆனால் பழைய கார்புரேட்டரின் மீது சுமத்தப்பட்ட குற்றம் உண்மையில் பொறியைத் தூண்டும் காண்டாக்ட் பாயிண்ட் தேய்ந்ததாகவோ, வால்வை அசைக்கும் டேப்பட் இறுகிப்போனதாகவோ இருந்திருக்கலாம். அப்படியானால் புதியதும் அதே தொல்லையைத்தான் காட்டும். பாயிண்ட் இடைவெளி, பிளக்குகள், டைமிங், டேப்பட் இடைவெளி, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் (பிஸ்டன் நெருக்கும்போது உள்ளே எழும் அழுத்தம்) ஆகியவற்றை அந்த எஞ்சினுக்கான கையேட்டின்படி சரிபார்த்துவிட வேண்டும். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லாத எஞ்சினை எந்தக் கார்புரேட்டராலும் ஐடிலில் நிறுத்த முடியாது.

கணக்கில் வராத காற்று

மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் முதலில் தேட வேண்டியது வேக்குவம் லீக், அதாவது கார்புரேட்டரைச் சுற்றிக்கொண்டு நேராக மேனிஃபோல்டுக்குள் நுழையும் காற்று. ஐடிலில் திராட்டில் தகடு மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் மிகப் பலமாக இருக்கும், எஞ்சினுக்குத் தேவைப்படும் காற்றோ மிகக் குறைவு. அப்போது ஒரு சின்னத் துளை வழியாக வரும் காற்றுகூட மொத்தக் காற்றில் பெரும் பங்காகிவிடும். தகடு திறந்ததும் உறிஞ்சல் தளர்ந்து, முறையான வழியில் வரும் காற்று பெருகிவிடுவதால், அதே துளை பொருட்டில்லாமல் போகும். ஐடிலில் குலுங்கி, ஓட்டத்தில் ஓரளவு சரியாகும் எஞ்சின் இந்தப் பக்கம் கை காட்டுகிறது. கலவைத் திருகை எவ்வளவு வெளியே எடுத்தாலும் எஞ்சின் இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பதும் இதன் அடையாளம்.

காற்று நுழையும் இடங்களை இந்த வரிசையில் பார்க்கலாம்:

1. அடி கேஸ்கெட். புது கார்புரேட்டரின் அடிப்பாகமும் மேனிஃபோல்டின் வாயும் ஒரே வடிவத்தில் இல்லாமல் இடையில் அடாப்டர் தகடு வைக்கப்பட்டிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகும். கேஸ்கெட்டைக் கழற்றி, அதில் பதிந்திருக்கும் தடத்தைப் பார்க்க வேண்டும். தடம் எங்காவது அறுந்திருந்தால் அங்கே பிடிப்பு இல்லை.
2. வளைந்த அடித்தட்டு. கசிகிறதே என்று நட்டுகளை மேலும் மேலும் இறுக்குவதால், நட்டு அமரும் காதுகள் வளைந்து, நடுவில் இடைவெளி உண்டாகிறது. நேரான இரும்பு அளவுகோலை அடித்தட்டின் மேல் வைத்து, அடியில் மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.
3. அடைக்கப்படாத குழாய் முனைகள். புதியதில் பழையதைவிட ஒன்றிரண்டு வெற்றிட முனைகள் கூடுதலாக இருக்கலாம். பயன்படாத முனைக்கு மூடி போட்டிருக்க வேண்டும்.
4. பிரேக் பூஸ்டர் குழாய், கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வின் குழாய். வேலையின்போது இழுபட்டு வெடித்த பழைய ரப்பர் வெளியில் முழுசாகத் தெரியும், அடிப்பக்கத்தில் பிளந்திருக்கும்.
5. திராட்டில் தகட்டின் அச்சு. பழுது நீக்கியதாக வரும் கார்புரேட்டர்களில் உள்ளே எல்லாம் புதிதாக இருக்கும், தேய்ந்த அச்சுத்துளை மட்டும் அப்படியே விடப்பட்டிருக்கும். அச்சை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை, அதை ஏனோ பலரும் செய்வதில்லை.

கசிவின் இடத்தைக் கண்டுபிடிக்க, பற்றவைக்காத புரோபேன் வாயுவைச் சிறு குழாய் வழியாக இணைப்புகளின் அருகே மெதுவாகக் கொண்டுசெல்லும் முறை உண்டு. கசியும் இடத்தில் வாயு உள்ளே உறிஞ்சப்பட்டு எஞ்சினின் ஓட்டம் மாறும். கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பதும் இதே வேலையைச் செய்யும். இரண்டும் தீப்பற்றக்கூடியவை. சூடான சைலன்சர் குழாயும் பொறி பறக்கும் பிளக் ஒயர்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

வெற்றிட அளவி ஒன்று இருந்தால் வேலை எளிது. நல்ல நிலையிலுள்ள சாதாரண எஞ்சின், கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில், ஐடிலில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை அசையாமல் காட்டும். உயரமான இடங்களில் ஒவ்வொரு 1000 அடிக்கும் ஏறத்தாழ 1 அங்குலம் குறையும். முள் தாழ்ந்த இடத்தில் அசையாமல் நின்றால் காற்றுக் கசிவு அல்லது பின்தங்கிய டைமிங். முள் மெதுவாக இப்படியும் அப்படியும் மிதந்தால் கலவை சரியில்லை. ஒரே தாளத்தில் சட்சட்டென்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக அமரவில்லை என்று பொருள், அதற்குக் கார்புரேட்டர் பொறுப்பில்லை.

தகட்டின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர்

கசிவு எதுவும் இல்லை, ஆனாலும் கலவைத் திருகு எதற்கும் கட்டுப்படவில்லை என்றால், திராட்டில் தகடு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். விளக்கத்தில் சொல்வதைவிடக் கண்ணால் பார்த்தால் விளங்கும் விஷயம் இது. கார்புரேட்டரைக் கழற்றிக் கவிழ்த்து, விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். தகட்டின் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில், சுவரில் சில சிறு துளைகளோ மெல்லிய நெட்டுப் பிளவோ இருக்கும். இதுதான் இடைநிலைச் சுற்று. தகடு சரியான ஐடில் நிலையில் இருந்தால், பிளவின் பெரும்பகுதி தகட்டுக்கு மேலே மறைந்து, கீழே ஒரு சிறு சதுரம்போல அரை மில்லிமீட்டர் அளவே தெரியும். வேகத் திருகை, அதாவது தகடு முழுதும் மூடாமல் தாங்கி நிறுத்தும் திருகை, அதிகமாக உள்ளே முடுக்கியிருந்தால் பிளவு முழுவதும் திறந்து கிடக்கும்.

அப்படித் திறந்து கிடந்தால் மூன்று விளைவுகள் ஒன்றாக வரும். ஐடிலுக்கான பெட்ரோல் கலவைத் திருகைத் தவிர்த்துவிட்டு அந்தப் பிளவு வழியாகவே வருவதால், திருகைத் திருகினாலும் மாற்றம் தெரியாது. பெடலை மிதிக்கும்போது மெயின் சுற்று விழிக்கும்வரை தாங்கிப்பிடிக்க வேண்டிய பிளவு ஏற்கெனவே செலவாகிவிட்டதால், நடுவில் ஒரு பள்ளம் விழும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் சில நொடிகள் உதறிக்கொண்டே ஓடும்.

இதைச் சரிசெய்யும் முறை நேர் எதிர்த்திசையில் போகிறது. வேகத் திருகை முற்றிலும் பின்வாங்கி, தகடு தானாக மூடுகிறதா, பெடல் கம்பியோ, குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையைச் செறிவாக்கும் சோக்கின் வேக ஐடில் படியோ அதை இழுத்துப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு திருகு தகட்டின் நெம்புகோலைத் தொட்ட இடத்திலிருந்து கணக்கிட்டு உள்ளே முடுக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் வெபர் 32/36 போன்ற வகைகளில், தொட்ட இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்றைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை. கலவைத் திருகு, மெதுவாக முழுதும் உள்ளே அமர்த்திய பின் ஏறத்தாழ இரண்டு சுற்று வெளியே இருக்கும்போது எஞ்சின் சீராக ஓட வேண்டும். இரண்டு சுற்றை நன்கு தாண்டிய பிறகே ஓட்டம் சீரானால் ஐடில் ஜெட் சிறியது. ஒரு சுற்றுக்குள்ளேயே சீரானால் பெரியது. ஜெட்டைப் பற்றி முடிவெடுக்க உரிமை கிடைப்பது இந்த இடத்தில்தான், அதற்கு முன் இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாய்

பழைய கார்களில், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள உதரவிதானம், உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கை முன்னே தள்ளுகிறது. கார்புரேட்டரில் இதற்கென இரண்டு வகை முனைகள் இருக்கலாம். தகட்டுக்குக் கீழே உள்ள முனையில் ஐடிலிலேயே பலமான உறிஞ்சல் இருக்கும். மூடிய தகட்டுக்குச் சற்று மேலே உள்ள முனையில் ஐடிலில் எதுவும் இருக்காது, தகடு திறந்த பிறகே வரும். மாற்றும்போது குழாய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறிவிட்டால், ஐடில் டைமிங் பல டிகிரிகள் மாறிப்போகும். ஐடில் வேகம் காரணமில்லாமல் ஏறும் அல்லது இறங்கும். அதை ஈடுகட்ட வேகத் திருகைத் தொட்டால், முந்தைய பகுதியில் சொன்ன தகட்டுக் கோளாறு பின்னாலேயே வரும். எந்த முனை வேண்டும் என்பதைக் கையேடுதான் சொல்ல வேண்டும். டைமிங் பார்க்கும்போது பெரும்பாலான எஞ்சின்களில் இந்தக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டே பார்க்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பெட்ரோலின் அழுத்தமும் மட்டமும்

மிதவைத் தொட்டியில் பெட்ரோலின் மட்டத்தை ஊசி வால்வு காக்கிறது. மிதவை உயர்ந்ததும் ஊசி மேலேறி வழியை அடைக்கும். பம்பின் அழுத்தம் ஊசியால் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் அடைப்பு தோற்று, மட்டம் ஏறி, வென்சூரியில் பெட்ரோல் தானாகச் சொட்டும். வெபர் வகைகள் பொதுவாக 2.5 முதல் 3.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தத்தையே விரும்புகின்றன. ஹோலி வகைகள் 5 முதல் 7 வரை ஏற்கும். பின்னதற்கென வாங்கிய மின்சார பம்பை முன்னதோடு இணைத்தால் கறுத்த புகையும் நனைந்த பிளக்குகளும் கிடைக்கும். எந்த ஜெட் மாற்றமும் அதைத் தீர்க்காது. அழுத்தச் சீராக்கி பொருத்துவதே வழி.

மட்டம் தாழ்ந்திருந்தால் நேர்மாறு. நேரான சாலையில் நன்றாக ஓடி, நீண்ட ஏற்றத்தில் மட்டும் எஞ்சின் வறண்டுபோகும். மிதவையின் உயரத்தை அந்தக் குறிப்பிட்ட மாதிரிக்குரிய அளவின்படிதான் வைக்க வேண்டும். வேலையின்போது குழாயிலிருந்து உதிர்ந்த ரப்பர்த் துகள் ஒன்று ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் சிக்கினால் பெருக்கெடுப்பும், ஐடில் ஜெட்டில் சிக்கினால் ஐடிலே இல்லாத நிலையும் வரும் என்பதால், புதிய ஃபில்டர் ஒன்றைக் கார்புரேட்டருக்கு முன்னால் போட்டுவிடுவது நல்லது.

மறந்துபோன மின்கம்பி

சில கார்புரேட்டர்களில் ஐடில் வழியை அடைக்கும் சிறு சொலினாய்டு, அதாவது மின்சாரத்தால் இயங்கும் வால்வு, உண்டு. சாவி போட்டதும் அதற்கு 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஐடில் ஜெட் மூடியே இருக்கும், பெடலில் கால் இருக்கும்வரை ஓடும் எஞ்சின் காலை எடுத்ததும் அணையும். சாவியைப் போடும்போது அதில் ‘டக்’ என்ற ஒலி கேட்கிறதா என்று காது கொடுத்தால் போதும். மின்சார சோக்கும் சாவி வழி வரும் முழு 12 வோல்ட்டையே கேட்கிறது. அதற்கான இணைப்பைப் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து எடுத்தால், காயிலுக்கு வரும் மின்சாரத்தைக் குறைக்கும் பாலஸ்ட் தடையுள்ள வண்டிகளில் மின்னழுத்தம் குறைந்து சோக் முழுமையாகத் திறக்காது, காயிலின் பொறியும் பலவீனமாகும்.

மிதித்ததும் வரும் தொய்வு

எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, மேலிருந்து பார்த்தபடி நெம்புகோலைச் சட்டென்று திறக்க வேண்டும். அசைந்த அதே கணத்தில் வலுவான தாரை பாய வேண்டும். தாமதமாகவோ துளித்துளியாகவோ வந்தால் பம்பின் டயாஃப்ரம், அதன் நெம்புகோல், பீச்சு துளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதே வேளையில் ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை முழுதும் மிதித்தால், தகடு முழுமையாகத் திறக்கிறதா என்பதும் தெரியும். இழுவை குறைந்துவிட்டது என்ற புகாருக்கு, முக்கால் பங்கே திறக்கும் கம்பி காரணமாக இருப்பதுண்டு.

தாரை சரியாக இருந்தும் தொய்வு நீங்காவிட்டால் கார்புரேட்டரின் அளவையே கேள்வி கேட்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. 1500 சி.சி. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் அதிகபட்சமாக 4500 லிட்டர், அதாவது ஏறத்தாழ 159 கன அடி கேட்கும். சிலிண்டர்கள் முழுதாக நிரம்புவதில்லை என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவு. இதற்கு நிமிடத்துக்கு 400 கன அடி விடும் கார்புரேட்டரைப் பூட்டினால், குறைந்த வேகத்தில் வென்சூரியில் காற்று சோம்பலாக நகரும், அழுத்தக் குறைவு உண்டாகாது, மெயின் சுற்று தாமதமாகவே எழும். பெரியதைப் போட்டால் சக்தி கூடும் என்ற நம்பிக்கை எத்தனையோ நல்ல எஞ்சின்களை நகர வேகத்தில் ஓட்டவே முடியாதவையாக ஆக்கியிருக்கிறது.

சூடும் எத்தனாலும்

வண்டியைச் சூடாக நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து எடுக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தால், அடியில் இருந்த தடித்த வெப்பத் தடுப்பு அடுக்கு விடுபட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேனிஃபோல்டின் சூடு மேலேறி, தொட்டியிலுள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழியும். இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலுக்கு, எரிய 9 பங்கு காற்றே போதும். 10 விழுக்காடு கலந்த எரிபொருளின் சரியான விகிதம் 14.1 அருகே வந்துவிடுவதால், தூய பெட்ரோலுக்கென அளவிட்ட பழைய ஜெட்டுகள் அதில் சற்று மெலிந்த கலவையையே தரும்.

ஜெட்டுக்கு வரும்போது

மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்து, சூடேறிய எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடும்போது இன்னும் இழுவை இல்லையென்றால், சோக்கையே சோதனைக் கருவியாக்கலாம். கையால் இயக்கும் சோக்கைச் சிறிதளவு மூடும்போது ஓட்டம் சீரானால் கலவை மெலிந்திருக்கிறது. மோசமானால் செறிந்திருக்கிறது. பிளக்குகளின் முனையும் சாட்சி சொல்லும்: வெளிர்பழுப்பு சரியானது, கரிபடிந்த கறுப்பு செறிவு, சுண்ணாம்பு வெள்ளை மெலிவு. ஒரே ஒரு பிளக் மட்டும் வெள்ளையாக இருந்தால் ஜெட்டைத் தொடாமல், அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் காற்று கசியும் இடத்தை மறுபடி தேட வேண்டும்.

வெபர், சோலெக்ஸ் ஜெட்டுகளின் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது. 140 என்றால் 1.40 மி.மீ. அதை 145 ஆக்கினால் துளையின் பரப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் எஞ்சினுக்குப் பெரியது. எனவே ஒரு நேரத்தில் ஒரு படி, ஒரு ஜெட் மட்டும் மாற்றி, முந்தைய எண்ணை எழுதிவைத்துவிட்டு, அதே சாலையில், அதே கியரில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஹோலி ஜெட்டுகளின் எண் விட்டத்தை நேரடியாகக் குறிப்பதில்லை என்பதால், அவற்றில் இந்தக் கணக்கைப் போடாமல் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்தே அடுத்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.